லேண்ட்ஸ்கேப் ஆர்கிடெக்ட்னா தோட்டக்காரர் இல்லீங்க: கோங்ஜியான் யூவ வச்சு ஒரு விளக்கம்

கல்யாண வீட்டுப் பந்தில பக்கத்துல உக்காந்திருந்த பெரியப்பா, "ஏம்ப்பா, இப்ப எங்க வேலை பாக்குற"ன்னு கேட்டாரு. லேண்ட்ஸ்கேப் ஆர்கிடெக்ட் ஆபீஸ்லன்னு சொன்னேன். சாம்பார ஊத்திக்கிட்டே, "நல்லதாப் போச்சு, எங்க மாடில மல்லி பூக்கவே மாட்டேங்குது, என்ன உரம் போடலாம்"னாரு. எனக்கு நிஜமாவே தெரியல. மல்லிக்கு உரம் வேணும்னா நர்சரிக்காரர்கிட்ட கேட்டாதான் சரியா சொல்லுவாரு, எங்க வேலை வேற, ஆனா அது என்னன்னு பந்தி முடியறதுக்குள்ள என்னால சொல்லி முடிக்க முடியல. அதான் இங்க உக்காந்து டைப் பண்றேன்.

சுருக்கமா சொன்னா, ஒரு மனையில கட்டடம் போக மிச்சம் இருக்குற தரை மொத்தமும் எங்க தலைல. சரிவு எந்தப் பக்கம், மழத்தண்ணி எங்க ஓடி எங்க தேங்கும், எந்த மண்ணு தண்ணிய குடிக்கும் எது குடிக்காது, ஏற்கனவே நிக்கிற மரத்துல எதெல்லாம் காப்பாத்தலாம், மத்தியானம் நிழல் எங்க விழும், ஆளுங்க எந்த வழியா நடப்பாங்க (நாம போட்டுத் தர்ற வழில எவனும் நடக்க மாட்டான், குறுக்கு வழிலதான் போவான், அது தனிக் கதை). பூச்செடி எல்லாம் கடைசில வர்ற விஷயம். இந்தப் பேரையே பிரபலமாக்குனது ஃப்ரெடெரிக் லா ஓம்ஸ்டெட், கால்வெர்ட் வாக்ஸ்னு ரெண்டு பேரு, 1858ல நியூயார்க் சென்ட்ரல் பார்க் போட்டில ஜெயிச்சவங்க. அந்த பார்க்க பாக்குறவங்க ஏதோ இயற்கையா இருந்த காட்ட அப்படியே விட்டு வச்சிருக்காங்கன்னு நினைப்பாங்க, ஆனா அது பாறையும் சதுப்பும் கலந்த பூமி, மண்ணுக்கடியில குழாய் பதிச்சு தண்ணிய வடிச்சு, பாறைய வெடி வச்சு ஒடச்சு, மண்ணு கொண்டாந்து கொட்டி, கிட்டத்தட்ட முழுக்க மனுஷன் செஞ்சது.

ஆனா ஓம்ஸ்டெட் கதைய எல்லாரும் சொல்லிட்டாங்க. புதுசா இந்தத் துறைக்கு வர்ற ஒருத்தருக்கு புரிய வைக்கணும்னா நான் சீனாக்காரர் கோங்ஜியான் யூவதான் எடுப்பேன், ஏன்னா அவரோட டிசைன் எல்லாத்துக்கும் பின்னாடி ஒரே ஒரு கேள்விதான் இருக்கு: தண்ணி எங்க போகும்? அந்தக் கேள்விய நாலு வாட்டி திருப்பித் திருப்பி கேட்டாலே இந்த வேலை பாதி புரிஞ்சிடும்.

யூ 1963ல செஜியாங் மாகாணத்துல ஜின்ஹுவா பக்கத்துல ஒரு விவசாயக் கிராமத்துல பிறந்தவரு. எருமை மேய்ச்சவரு, நெல்லு நட்டவரு. பத்து வயசுல ஊர் ஆத்துல வெள்ளம் வந்திருக்கு, வேடிக்கை பாக்க கரைக்கு ஓடியிருக்காரு, கால் வச்ச எடம் சரிஞ்சு அப்படியே தண்ணிக்குள்ள போயிட்டாரு. கரை ஓரமா வளந்திருந்த வில்லோ மரமும் நாணலும் தண்ணியோட வேகத்த தடுத்ததால, அதப் புடிச்சு ஏறி தப்பிச்சிருக்காரு. இதையே பின்னாடி பல பேட்டில சொல்லுவாரு, கரை மட்டும் வழவழன்னு கான்கிரீட்டா இருந்திருந்தா நான் இன்னிக்கு இல்லன்னு. டிசைன் பேசுற ஆளுங்க சொல்ற சின்ன வயசுக் கதைய எல்லாம் நான் கொஞ்சம் சந்தேகத்தோடதான் கேப்பேன், ஆனா இந்தாளு வாழ்நாள் பூரா செஞ்ச வேலைய பாத்தா அந்த நாணல விட்டு அவர் கைய எடுக்கவே இல்லன்னுதான் தோணுது.

1980ல பெய்ஜிங்ல வனவியல் காலேஜ்ல சேந்தாரு. அங்க சொல்லிக் குடுத்தது பழைய அரண்மனைத் தோட்டம், அலங்காரப் பாறை, குளத்துல தாமரை, இந்த வகை. அப்புறம் ஹார்வர்டுக்குப் போயி 1995ல டாக்டர் பட்டம் வாங்கினாரு, கொஞ்ச நாள் அமெரிக்காவுல ஒரு பெரிய கம்பெனில வேலை பாத்துட்டு 1997ல சீனாவுக்கே திரும்பி பீக்கிங் யுனிவர்சிட்டில வாத்தியார் ஆனாரு. அடுத்த வருஷம் சொந்தமா ஆபீஸ் போட்டாரு, பேரு துரென்ஸ்கேப். சீனத்துல 'து'ன்னா மண்ணு, 'ரென்'னா மனுஷன். ரெண்டையும் சேத்து 'துரென்'னு சொன்னா பட்டிக்காட்டான்னு ஒரு அர்த்தமும் வரும். தெரிஞ்சேதான் வச்சிருக்காரு.

அவர் ஹார்வர்டுல படிச்சு எடுத்துட்டு வந்ததுல எனக்கு ரொம்ப முக்கியம்னு படுறது ஒரு முறை. சாதாரணமா ஊர் எப்படி திட்டம் போடுவாங்க? இத்தன லட்சம் பேரு வருவாங்க, இத்தன ரோடு, இத்தன வீடு, எல்லாம் கோடு போட்டு முடிச்சிட்டு மிச்சம் சொச்சம் இருந்தா அங்க பச்சை அடிச்சு பார்க்னு எழுதிடுவாங்க. யூ இத தலைகீழா பண்ணச் சொன்னாரு. மொதல்ல எங்கெல்லாம் கட்டக் கூடாதுன்னு குறி. தண்ணி ஓடுற வழி, தேங்குற பள்ளம், பறவை வந்து போற எடம், மண் சரியுற சரிவு, இது ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா மேப் போட்டு, ட்ரேசிங் பேப்பர் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாரு, எங்க எல்லாம் கறுப்பாகுதோ அதத் தொடாத, மிச்சத்துல ஊரக் கட்டிக்கோ. இப்படி மேப்ப அடுக்கிப் பாக்குற வேலைய அவருக்கு முன்னாடியே இயன் மெக்ஹார்க்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் பென்சில்வேனியால பிரபலமாக்கிட்டாரு, யூ அத எடுத்து நாளுக்கு நாள் வீங்குற சீன நகரங்களுக்கு பொருத்துனாரு. இதுக்கு அவர் வச்ச பேர தமிழ்ல சொல்லணும்னா 'எதிர்மறைத் திட்டம்'னு வரும், கேக்க ஏதோ கெட்ட விஷயம் மாதிரி இருக்கு, ஆனா சமையல்ல மொதல்ல உலை வைக்க எடம் பாத்துட்டு அப்புறம் மத்த பாத்திரத்த அடுக்குற மாதிரிதான்.

இப்ப ஸ்பாஞ்ச் சிட்டிக்கு வருவோம், அதாவது மழத்தண்ணிய பஞ்சு மாதிரி உறிஞ்சி வச்சுக்கற ஊரு, அவர் பேரோட ஒட்டிக்கிட்ட வார்த்தை அதுதான். ஒரு சின்ன கணக்கு போட்டுக்கோங்க. ஒரு கிரவுண்ட், அதாவது 2400 சதுர அடி, ஏறக்குறைய 223 சதுர மீட்டர். அதுல 10 சென்டிமீட்டர் மழை பெஞ்சா 22,000 லிட்டருக்கு மேல தண்ணி. 12,000 லிட்டர் டேங்கர் லாரி கிட்டத்தட்ட ரெண்டு. ஒரே ஒரு கிரவுண்டுக்கு! அந்த எடம் மண்ணா, புல்லா, பள்ளமா இருந்தா நல்ல பங்கு உள்ள இறங்கும், கொஞ்சம் அங்கயே நிக்கும், மிச்சம் மெதுவா கசியும். அதே எடத்துல கான்கிரீட் போட்டுட்டா ரெண்டு லாரி தண்ணியும் அப்படியே தெருவுக்கு வரும், உங்க பக்கத்து மனைக்காரரும் அதேதான் பண்ணிருப்பாரு, எதிர் வீட்டுக்காரரும் அதேதான், ஆக தெருவுல நூறு வீடு இருந்தா எரநூறு லாரி தண்ணி ஒரே நேரத்துல ஒரு சாக்கடை வாயில வந்து முட்டுது. சாக்கடைய பெருசாக்குனா போதும்னு நானும் சிவில் படிக்கிறப்ப நினைச்சேன். பெருசாக்குனா தண்ணி இன்னும் வேகமா கீழ இருக்கிறவன் தலைல போய் விழும், அவ்ளோதான்.

யூ சொல்றது மூணு படி. மேட்டுல விழுற தண்ணிய விழுந்த எடத்துலயே குட்டை குட்டையா புடிச்சு வை. ஓடுற வழியில அத மெதுவாக்கு, வளைஞ்சு நெளிஞ்சு போக விடு, செடியும் புல்லும் தடுக்கட்டும். கடைசில ஆறும் கடலும் வர்ற தாழ்வான எடத்துல சண்டை போடாத, வெள்ளம் வந்து உக்காந்துட்டுப் போக எடம் விடு. நம்ம ஊர்ல ஏரி, கண்மாய் பாத்து வளந்தவங்களுக்கு இது புதுசா தோணாது. மேல் ஏரி நிரம்பி கலிங்கு வழியா வழிஞ்சு அடுத்த ஏரிக்குப் போறதும், வரத்துக் கால்வாய தூர் வாரி வச்சுக்கறதும் இதே புத்திதான். யூவும் தான் புதுசா கண்டுபிடிச்சேன்னு சொல்லிக்கல, சீனத்துத் தெக்க முத்தாறு (பேர்ல் ரிவர்) டெல்டால மீன் குளம் வெட்டி அந்த மண்ண கரையாக்கி மேல மல்பெரி வளக்குற பழக்கம், மலைச் சரிவுல படிப்படியா நெல் வயல், இதெல்லாம் பாத்துதான் கத்துக்கிட்டதா சொல்லுவாரு.

சரி, நிஜமா கட்டுனா எப்படி இருக்கும்? ஹார்பின் நகரத்துல சுன்லின்னு ஒரு பார்க், 34 ஹெக்டேர். சுத்தி புது டவுன் வருது, நாலு பக்கமும் ரோடு போட்டாச்சு, நடுவுல ஒரு பழைய சதுப்பு நிலம் தண்ணி வரத்து இல்லாம செத்துட்டிருக்கு. வேற ஆளுன்னா முழுசா தோண்டி அழகா ஒரு ஏரி வெட்டி சுத்தி நடைபாதை போட்டிருப்பாங்க. இவங்க நடுவுல கையே வைக்கல. ஓரமா மட்டும் ஒரு வளையம், அதுல பள்ளம் வெட்டி அந்த மண்ண பக்கத்துலயே மேடா குவிச்சு, பள்ளம் மேடு பள்ளம் மேடுன்னு ஒரு மாலை மாதிரி கோத்துட்டாங்க. வெட்டுன மண்ணு வெளிய போகல, வெளியேருந்து மண்ணு வரவும் இல்ல, லாரி வாடகை மிச்சம். சுத்து ரோட்டுத் தண்ணி எல்லாம் குழாய்ல வந்து இந்தப் பள்ளங்கள்ல இறங்கி, அழுக்கு வண்டல் அடில தங்கி, தெளிஞ்ச தண்ணி மெல்ல நடுச் சதுப்புக்குப் போகும். மேட்டுல பிர்ச் மரம் நட்டாங்க, அதுக்கு மேல தூண் நட்டு ஒரு பாலம், ஜனங்க மேல நடந்துக்கலாம், கீழ தவளைக்கும் பறவைக்கும் தொந்தரவு இல்ல. இந்த வெட்டி-நிரப்புற முறைய எங்க ஆபீஸ்ல 'கட் அண்ட் ஃபில்'னு நாளைக்குப் பத்து வாட்டி சொல்லுவோம், இத இவ்ளோ சிக்கனமா யோசிச்ச ட்ராயிங் நான் வேற பாத்ததில்ல.

ஷாங்காய்ல ஹௌத்தான் பார்க் இன்னொரு மாதிரி. 2010ல நடந்த எக்ஸ்போங்கற உலகக் கண்காட்சிக்காக பண்ணது, முன்னாடி ஃபேக்டரி இருந்த நதிக்கரை, 14 ஹெக்டேர். பக்கத்துல ஓடுற ஹுவாங்பு ஆத்துத் தண்ணி படு மோசம். அந்தத் தண்ணிய எடுத்து 1.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ஒல்லியான சதுப்பு வழியா நடக்க வச்சாங்க. படிப்படியா இறங்கும்போது காத்து கலக்குது, மெதுவா ஓடும்போது வண்டல் படியுது, நாணல் வேர்ல ஒட்டியிருக்குற நுண்ணுயிரி அழுக்கத் தின்னுது, செடி தழைச்சத்த உறிஞ்சுக்குது. ஒரு நாளைக்கு 2400 கன மீட்டர், அதாவது 24 லட்சம் லிட்டர், நம்ம கணக்குல 200 டேங்கர் லாரி. குடிக்க முடியாது, ஆனா பார்க்குக்கும் எக்ஸ்போவுக்கும் செடிக்கு ஊத்த, கழுவ எல்லாம் ஆச்சு. நடுநடுல நெல்லு, சூரியகாந்தி மாதிரி பயிரும் போட்டிருந்தாங்க.

அவர் சொந்த ஊர் ஜின்ஹுவாலயும் ஒண்ணு இருக்கு, யான்வெய்ஜோ. ரெண்டு ஆறு சேர்ற எடத்துல ஒரு தீவுத் துண்டு. வெள்ளத்துக்குப் பயந்து கான்கிரீட் சுவர் கட்டியிருந்தாங்க, அத இடிச்சிட்டாரு! அந்த மீட்டிங்ல இஞ்சினியர்ங்க மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சாலே எனக்கு சிரிப்பு வருது. சுவருக்குப் பதிலா படிக்கட்டு மாதிரி மண் கரை, அதுல ஆளுயரத்துக்கு வளர்ற புல்லு. மழைக்காலத்துல கீழ் படி முழுகும், வண்டல் படியும், தண்ணி வடிஞ்சதும் அந்த வண்டல்லயே புல்லு திரும்ப எழும்பும், உரமும் தண்ணியும் ஆறே குடுத்துட்டுப் போயிடுது. மேல வளைஞ்சு வளைஞ்சு கலர் கலரா ஒரு நீளப் பாலம், வெள்ளம் வந்தாலும் நடக்கலாம், அந்த ஊர்ல திருவிழாவுக்கு ஆடுற டிராகன் ஆட்டத்தப் பாத்துப் போட்ட வடிவம். 2015ல உலகக் கட்டடக்கலை விழால அந்த வருஷத்தோட சிறந்த லேண்ட்ஸ்கேப்னு விருது வாங்குச்சு.

இப்ப அழகுன்னா என்னங்கிறதுல அவருக்கு இருந்த ஒரு பிடிவாதத்த சொல்லணும். பழைய சீனால பெரிய வீட்டுப் பொண்ணுங்களுக்கு சின்ன வயசுலயே பாதத்த இறுக்கிக் கட்டி வளரவிடாம பண்ணுவாங்க, அந்தக் குட்டிக் கால்தான் அழகு, நடக்க முடியாட்டாலும் பரவால்ல. வயல்ல வேலை செய்யுற பொண்ணுக்குப் பெரிய கால், அது அசிங்கம். யூ சொன்னாரு, நம்ம நகரத் தோட்டம் எல்லாம் கட்டுன கால்: வெட்டி வெட்டி வச்ச புல்தரை, சட்டி மாதிரி கத்தரிச்ச குரோட்டன்ஸ், பளிங்குக் கரை போட்ட ஆறு, எல்லாம் பாக்க நல்லாருக்கும், ஒரு வேலைக்கும் ஆகாது, தெனம் தண்ணி ஊத்த ஆள் வேணும். எனக்கு வேண்டியது பெரிய கால், வேலை செய்யுற நிலம், அதுலயும் அழகு இருக்குன்னு. இத சொல்லிட்டு சும்மா இருக்கல, ஷென்யாங்ல ஒரு ஆர்கிடெக்சர் யுனிவர்சிட்டிக்கு கேம்பஸ் பண்ணச் சொன்னப்ப, பட்ஜெட்டும் கம்மி, டைமும் கம்மி, கேம்பஸ் நடுவுல நெல்லு நட்டுட்டாரு. வயலுக்கு நடுவுல வரப்பு மாதிரி நேர் பாதை, அங்கங்க சதுரமா மேடை, உக்காந்து படிக்கலாம். மழத்தண்ணிய சேத்து வச்சு பாய்ச்சுறாங்க. நடவுக்கும் அறுப்புக்கும் பசங்க இறங்குவாங்க, வர்ற விருந்தாளிக்கு அந்த அரிசிய பாக்கெட் போட்டுத் தருவாங்க.

எனக்கு ரொம்பப் புடிச்சது என்னவோ ஜோங்ஷான்ல அவர் ஆரம்பத்துல பண்ண கப்பல் பட்டறை பார்க்தான். 1950கள்ல ஆரம்பிச்சு 1999ல திவாலான பட்டறை, துருப்பிடிச்ச தண்டவாளம், கிரேன், தண்ணி டேங்க், களைச்செடி. எல்லாத்தையும் ஸ்கிராப்புக்குப் போட்டு சீனத் தோட்டம் ஒண்ணு போட்டுருவாங்கன்னு எதிர்பாத்தப்ப இவரு துருவையும் களையையும் அப்படியே வச்சுக்கிட்டாரு. அதுல ஒரு சின்ன விஷயம் பாருங்க. வெள்ளத்துக்காக ஆத்த அகலப்படுத்தணும்னு ரூல், அப்படி பண்ணா கரையில இருந்த பழைய ஆலமர வரிசை போயிடும். இவரு மரத்துக்குப் பின்னாடி தனியா ஒரு வாய்க்கால் வெட்டுனாரு, ஆத்துக்கு வேண்டிய அகலமும் கிடைச்சுது, ஆலமரம் நடுவுல தீவா நின்னுச்சு. ஆல மரத்த வெட்டணுமா வேணாமான்னு நம்ம ஊர்ல ரோடு அகலப்படுத்தும்போதெல்லாம் நடக்குற சண்டைக்கு நடுவுல இந்த ட்ராயிங்க நான் நினைச்சுக்குவேன்.

சின்ஹுவாங்தாவோல இருக்குற சிவப்பு ரிப்பன் பத்தி ரெண்டு வரி: ஆத்தங்கரைக் காட்டுக்குள்ள எதையும் தொடாம, 500 மீட்டருக்கு ஒரே ஒரு சிவப்பு ஃபைபர் பெஞ்ச், உள்ளயே லைட்டு, அவ்ளோதான் டிசைன். குறைவா செய்யறதும் ஒரு வேலைதான், ஆனா கிளையண்ட்கிட்ட அதுக்கு பில் போடுறது கஷ்டம்.

இவ்ளோ பண்ணியும் ரொம்ப காலத்துக்கு மத்திய அரசாங்கம் அவர பெருசா கண்டுக்கல. மேயர் மேயரா பாத்துப் பேசுவாரு, ஏன்னா சீனால மேயர் நினைச்சாதான் எதுவும் நடக்கும். அணை, கான்கிரீட் கரை எல்லாத்தையும் எதிர்த்ததால அமெரிக்க உளவாளின்னு கூட சிலர் திட்டியிருக்காங்க. 2012 ஜூலை 21 பெய்ஜிங்ல பேய் மழை, 79 பேர் செத்தாங்க, தலைநகரத்துலயே. அதுக்கப்புறம்தான் அரசாங்கம் திரும்பிப் பாத்துச்சு. 2013 கடைசில சீ ஜின்பிங்கே ஸ்பாஞ்ச் சிட்டின்னு பேசுனாரு, 2015ல 16 நகரத்துல சோதனை, அடுத்த வருஷம் இன்னும் 14. 2030க்குள்ள நகரப் பகுதில 80 சதவீதம், பெய்யுற மழையில 70 சதவீதத்த உறிஞ்சணும் இல்ல திரும்பப் பயன்படுத்தணும்னு இலக்கு.

ஆனா ஒண்ணு, இத மந்திரம் மாதிரி நம்பிடாதீங்க. 2021 ஜூலைல ஜெங்ஜோ நகரத்துல ஒரே மணி நேரத்துல 201.9 மில்லிமீட்டர் பெஞ்சுது. ஸ்பாஞ்ச் சிட்டின்னு பெரும் பணம் ஒதுக்குன ஊரு அது, மெட்ரோ ரயிலுக்குள்ள கழுத்தளவு தண்ணி, அந்த ஹெனான் மாகாணத்துல மட்டும் 398 பேர் செத்துட்டாங்க இல்ல காணாமப் போயிட்டாங்க. விமர்சனம் பண்றவங்க பஞ்சு எங்க போச்சுன்னு கேட்டாங்க, யூ அது சரியா செய்யப்படலன்னாரு. எனக்கு ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குற மாதிரி படுது. எந்தப் பஞ்சுக்கும் ஒரு அளவு உண்டு, நிறைஞ்சப்புறம் வழியத்தான் செய்யும், அப்ப குழாயும் வேணும் எச்சரிக்கையும் வேணும். அதே நேரம் ஊரெல்லாம் கான்கிரீட் கொட்டிட்டு நாலு எடத்துல தண்ணி இறங்குற ஓட்டை டைல்ஸ் பதிச்சு ஸ்பாஞ்ச்னு போர்டு வச்சா அதுக்கு யூ என்ன பண்ணுவாரு. சென்னைலயும் மாநகராட்சி ஸ்பாஞ்ச் பார்க் கட்டுது, நல்ல விஷயம்தான், ஆனா பள்ளிக்கரணை சதுப்பச் சுத்தி கட்டடம் ஏறுறத பாக்கும்போது, மொதல்ல எங்க கட்டக் கூடாதுன்னு குறிங்கற படிய தாண்டி நேரா அடுத்த வேலைக்குப் போயிட்டோமோன்னு தோணும்.

2022ல பாங்காக்ல திறந்த பெஞ்சகிட்டி காட்டுப் பூங்காவும் அவர் ஆபீஸ் தாய்லாந்து ஆர்கிடெக்ட்களோட சேந்து பண்ணதுதான். பழைய புகையிலை ஃபேக்டரி எடம், அதே கட் அண்ட் ஃபில், ஏரிக்குள்ள நூத்துக்கணக்குல குட்டிக் குட்டி மண் திட்டு, ஒவ்வொண்ணுலயும் மரம், பழைய கிடங்க விளையாட்டு அரங்கா மாத்திட்டாங்க. டிக்கெட் கிடையாது, பாங்காக் போறவங்க மால்லயே சுத்தாம ஒரு சாயங்காலம் போய் பாருங்க. 2023ல ஓபர்லேண்டர் பரிசு வாங்குனாரு, இந்தத் துறைல ரொம்பப் பெரிய கௌரவம். 2025 செப்டம்பர்ல பிரேசில்ல பந்தனால் சதுப்பு நிலத்துல ஒரு ஆவணப்படம் எடுக்கப் போன எடத்துல சின்ன விமானம் விழுந்து இறந்துட்டாரு, கூட இருந்த பைலட்டும் ரெண்டு படக்காரங்களும் போயிட்டாங்க. அவருக்கு 62 வயசு.

இதப் படிக்கணும்னா எங்க போறதுன்னு கேக்குறவங்களுக்கு: நம்ம நாட்டுல பெரும்பாலும் பி.ஆர்க் முடிச்சிட்டு லேண்ட்ஸ்கேப்ல முதுகலை பண்றதுதான் வழக்கம், டெல்லி எஸ்பிஏ (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்கிடெக்சர்), அகமதாபாத் செப்ட் யுனிவர்சிட்டி, சென்னைல அண்ணா பல்கலைக்கழகம்னு பாருங்க. நல்லா வரையத் தெரியணுமான்னு எல்லாரும் கேப்பாங்க, ஓரளவு தெரிஞ்சா போதும், ஆனா லெவல் பாக்கத் தெரியணும், மேப்புல ஒரே உயரத்துல இருக்குற எடங்கள சேக்குற கான்டூர் கோட்டப் பாத்ததும் எந்த எண்ணு மேடு எந்த எண்ணு பள்ளம்னு கண்ணுல தெரியணும். எங்க ஆபீஸ்ல புதுசா சேர்றவங்களுக்கு கம்ப்யூட்டர் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை குடுப்பாங்க. அடுத்த மழை வரும்போது குடையோட அவங்க தெருமுனைல போய் நிக்கணும், எந்த வீட்டு கேட்லேருந்து தண்ணி வருது, எங்க திரும்புது, எங்க தேங்குது, எத்தன மணி நேரம் கழிச்சு வடியுதுன்னு ஒரு பேப்பர்ல அம்புக்குறி போட்டுட்டு வரணும். நான் போனப்ப என் பேப்பர் நனைஞ்சு கிழிஞ்சே போச்சு, அடுத்த தடவ பிளாஸ்டிக் ஷீட்டும் கிரேயானும் எடுத்துட்டுப் போனேன். எங்க தெருவுல அரசு போட்ட மழைநீர் வடிகால் வாய் ரோட்ட விட நாலு விரக்கட உசரத்துல இருக்குன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, பதினஞ்சு வருஷமா அதத் தாண்டித்தான் ஸ்கூலுக்குப் போயிருக்கேன்.